வருஷக்கணக்கில் நின்ற கேஸ்ட் அயர்ன் புல்லட்: கிக்கரில் கால் வைக்கும் முன்

கொட்டகையில் பத்து வருஷம் நின்ற புல்லட் இன்ஜினுக்கு அந்தப் பத்து வருஷத்தில் ஆன சேதத்தைவிட, வெளியே இழுத்த அன்று விழும் முதல் பத்து உதையில் ஆகும் சேதம் அதிகம். "ஓடுதான்னு பார்ப்போம்" என்று பேட்டரியை மாட்டி, டேங்கில் ரெண்டு லிட்டர் ஊற்றி, ஆள் மாற்றி ஆள் உதைப்பதுதான் ஊர்ப் பழக்கம். சில சமயம் ஸ்டார்ட்டும் ஆகிவிடும். ஒரு மாதம் கழித்துப் புகையும் தட்டல் சத்தமும் வந்து, போரை, அதாவது சிலிண்டரின் உள் துவாரத்தை, கடைய லேத்துக்குப் போகும்போது யாரும் அந்த முதல் உதையை நினைப்பதில்லை.

இங்கே எழுதுவது திருவொற்றியூரில் செய்த பழைய 350 கேஸ்ட் அயர்ன் இன்ஜினைப் பற்றி. 70 மி.மீ. போர், 90 மி.மீ. ஸ்ட்ரோக், 346 சி.சி., சி.பி. பாயின்ட் (ஸ்பார்க்குக்காக மின்சாரத்தை விட்டு விட்டு அறுக்கும் சுவிட்ச்), மிக்கார்ப் கார்புரேட்டர் கொண்ட வண்டி. பின்னால் வந்த, இன்ஜினும் கியர்பாக்ஸும் ஒரே கேஸில் இருக்கும் யு.சி.இ. இன்ஜினில் டேப்பட் ஹைட்ராலிக், பாயின்ட்டே கிடையாது. அதற்கு இந்தக் கணக்குகள் பொருந்தாது.

ஏன் உதைக்கக் கூடாது? மூன்று காரணம். பிஸ்டன் ரிங் எந்த உயரத்தில் நின்றதோ அந்த இடத்தில் இரும்பு போரில் மெல்லிய துரு வளையம் கட்டியிருக்கும். காய்ந்த ரிங்கை அதன் மேல் இழுத்தால் போரில் கோடு விழும், ரிங் உடையவும் செய்யும். இரண்டாவது, பழைய புல்லட்டின் பிக் எண்டில் (கனெக்டிங் ராடு கிராங்கோடு சேரும் முனை) இருப்பது ரோலர் பேரிங் இல்லை, ஃப்ளோட்டிங் புஷ், அதாவது தளர்வாகச் சுழலும் வளையம். அதற்கு பம்ப் தள்ளும் ஆயில்தான் உயிர். வருஷக்கணக்கில் நின்றதில் அங்கிருந்த ஆயில் வடிந்துபோயிருக்கும். மூன்றாவது, ஏதாவது ஒரு வால்வு திறந்த நிலையில் கைடுக்குள் (வால்வு ஏறி இறங்கும் குழாய்) பிடித்திருந்தால், உதைக்கிற வேகத்தில் அதைத் தள்ளும் கம்பியான புஷ்ராட் வளையும். இவை தவிர, முழு எடையோடு கிக்கர் மேல் ஏறி நின்று ஜாமை உடைக்கப் பார்த்தால் கிக்கர் பல் சக்கரமும் கியர்பாக்ஸ் கவரும் போகும். அந்தச் செலவு தனி.

அதனால் வரிசை இதுதான்: முதலில் ஊறவைத்தல், அது ஊறும் நேரத்தில் ஆயில், பிறகு வால்வு, அப்புறம் ஸ்பார்க், கடைசியாக பெட்ரோல். பெட்ரோல் கடைசி என்பதை வலியுறுத்திச் சொல்கிறேன். மற்றவை சரியாக இருப்பது தெரியாமல் கார்புரேட்டரைத் திருகிக்கொண்டிருப்பவர்கள்தான் மெக்கானிக் கடைகளில் அதிகம்.

ஊறவைத்தல்

பிளக்கைக் கழற்றும் முன் அதைச் சுற்றி இருக்கும் மண், துரு எல்லாவற்றையும் காற்றடித்து வெளியேற்றுங்கள். இல்லாவிட்டால் அத்தனையும் உள்ளே விழும். பிளக் இறுக்கமாக இருந்தால் பலம் காட்ட வேண்டாம், ஹெட் அலுமினியம். மரையோடு சேர்ந்து வந்துவிட்டால் ஹெட்டைக் கழற்றி புஷ் போட வேண்டியிருக்கும். ஊடுருவும் ஆயில் அடித்து ஒரு ராத்திரி விட்டு, மறுநாள் கால் சுற்று இளக்கி, திரும்ப இறுக்கி, மறுபடி இளக்கி எடுக்க வேண்டும்.

பிளக் ஓட்டை வழியாக 25 மி.லி. அளவுக்கு ஏ.டி.எஃப். ஆயிலும் (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில்) அசிடோனும் சரிபாதி கலந்து ஊற்றலாம். இரண்டும் நன்றாகக் கலந்து நிற்காது, ஒவ்வொரு முறையும் குலுக்கி ஊற்ற வேண்டும். அசிடோன் கிடைக்காத ஊரில் டீசலும் கொஞ்சம் இன்ஜின் ஆயிலும் போதும், வேலை கொஞ்சம் மெதுவாக நடக்கும், அவ்வளவுதான். ஓட்டையைத் துணியால் அடைத்து ஒரு நாள் விடுங்கள். பிஸ்டன் ஜாம் ஆகியிருந்தால் மூன்று நாள், ஒரு வாரம்கூட ஆகலாம். தினம் கொஞ்சம் சேர்த்துவிட வேண்டும்.

இன்ஜினைச் சுற்றிப் பார்ப்பது கிக்கரால் இல்லை. வண்டியை சென்டர் ஸ்டாண்டில் ஏற்றி, டாப் கியரில் போட்டு, பின்சக்கரத்தைக் கையால் முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள். முதலில் நூல் அளவு அசையும். அது கிடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. ஒரே பக்கமாகத் தள்ளாமல் இரண்டு பக்கமும் ஆட்டி ஆட்டித்தான் தூரத்தைக் கூட்ட வேண்டும். ஊற்றியது பிளக் ஓட்டை வழியாகப் பீச்சி அடிக்கும், அது தீப்பிடிக்கும் சரக்கு. அதனால் பேட்டரி இணைப்பு இருக்கக் கூடாது, பக்கத்தில் பீடி, சிகரெட்டும் கூடாது.

ஒரு வாரம் ஊறியும் அசையவில்லை என்றால் ஹெட்டைக் கழற்றத்தான் வேண்டும். அசைந்தால் உடனே கழற்ற வேண்டிய அவசியம் இல்லை. செல்போனில் மாட்டும் எண்டோஸ்கோப் கேமரா இப்போது மலிவாகவே கிடைக்கிறது. பிஸ்டனைக் கீழே இறக்கி, பிளக் ஓட்டை வழியாக போர் சுவரைச் சுற்றிப் பாருங்கள். பழுப்புக் கறை மட்டும் தெரிந்தால் ஓட ஓடப் போய்விடும். குழி விழுந்திருந்தால், அதாவது விளக்கு வெளிச்சத்தில் புள்ளி புள்ளியாகக் கறுப்புத் தெரிந்தால், அந்த போரைக் கடையாமல் விட முடியாது. 20 தவ், 40 தவ் (ஒரு தவ் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) ஓவர்சைஸ் பிஸ்டன் எல்லாம் சாதாரணமாகக் கிடைக்கும். ஆனால் முதலில் பிஸ்டனை வாங்கி லேத்காரர் கையில் கொடுத்து, அதை அளந்துதான் கடையச் சொல்ல வேண்டும். பிஸ்டன் பெட்டி மேல் எழுதியிருக்கும் எண்ணை நம்பிக் கடைந்தால் ஒன்று பிடிக்கும், இல்லையென்றால் தட்டும். புது ரிங்கைத் தனியாக போருக்குள் தள்ளி முனை இடைவெளி பாருங்கள். 0.3 மி.மீ.க்குக் கீழே இருந்தால் ராவி எடுக்க வேண்டும். சூட்டில் முனைகள் முட்டினால் ரிங் போரைக் கிழித்துவிடும்.

ஆயில்

இது டிரை சம்ப் இன்ஜின். ஆயில் டேங்க் கிராங்க் கேஸோடு சேர்ந்தே வார்க்கப்பட்டது என்றாலும் கிராங்க் சுழலும் அறை தனி. வண்டி நிற்கும்போது டேங்கில் இருக்கும் ஆயில் பம்ப் வழியாக மெல்ல மெல்லக் கசிந்து கிராங்க் அறையில் சேரும். சில மாதத்திலேயே டிப்ஸ்டிக்கில் ஒன்றும் தெரியாது. "ஆயில் இல்லை" என்று நினைத்து மேலே இன்னும் இரண்டு லிட்டர் ஊற்றுவார்கள். பிறகு ஸ்டார்ட் செய்தால் ஃப்ளைவீல் அந்த ஆயிலுக்குள் நீச்சலடிக்கும், கிராங்க் கேஸ் காற்று வெளியேறும் ப்ரீத்தர் வழியாக ஆயில் கொட்டும், தெரு முழுக்க நீலப் புகை. ரிங் போய்விட்டது என்று முடிவு கட்டி இன்ஜினைப் பிரிப்பார்கள். ரிங் நன்றாகத்தான் இருந்திருக்கும்.

இன்ஜின் அடியில் டேங்குக்கு ஒரு டிரெயின் போல்ட், கிராங்க் அறைக்கு ஒன்று. இரண்டையும் திறக்க வேண்டும். வெயிலில் வண்டியை இரண்டு மணி நேரம் நிறுத்திவிட்டுத் திறந்தால் நன்றாக வடியும். முதலில் தெளிவான தண்ணீர் ஒரு மடக்கு வந்தால் ஆச்சரியப்பட வேண்டாம், மழைக்காலத்து ஈரம் உள்ளே சேர்ந்தது. ஆயில் பால் கலந்த மாதிரி வெளுத்திருந்தால் டீசலும் மலிவான ஆயிலும் கலந்து ஊற்றி, சக்கரத்தால் இன்ஜினைச் சுற்றி, மறுபடி வடிக்க வேண்டும். வெறும் டீசலை மட்டும் ஊற்றிக் கழுவினால் பேரிங்கில் மிச்சமிருந்த ஆயில் படலமும் போய்விடும்.

டைமிங் கவரில் இருக்கும் ஃபில்டரை எடுத்ததும் தூக்கிப் போட்டுவிட வேண்டாம். அதை விரித்து வெயிலில் சாய்த்துப் பாருங்கள். கறுப்புக் கசடு மட்டும் இருந்தால் கவலை இல்லை. வெண்கல நிறத்தில் மினுமினுப்பு தெரிந்தால் பிக் எண்ட் புஷ் தேய்ந்திருக்கிறது என்று சந்தேகப்பட வேண்டும். பிஸ்டனை மேல் உச்சிக்குச் சற்று முன் நிறுத்தி, சக்கரத்தை லேசாக முன்பின் ஆட்டும்போது இன்ஜினுக்குள் "டொக்" என்று அசைவு கேட்டால் சந்தேகம் உறுதி. அந்த நிலையில் மேற்கொண்டு ஸ்டார்ட் செய்யும் பேச்சே வேண்டாம். கிராங்க் பிரிக்கும் ஆளைத் தேடுங்கள்.

புது ஃபில்டரை ஆயிலில் முக்கி நனைத்துப் போடுங்கள். டிரெயின் போல்ட் வாஷர்கள் புதிது. கேஸ் அலுமினியம் என்பதால் இறுக்கம் அளவாக. ஆயில் 20டபிள்யூ50 மினரல், மொத்தம் சுமார் 2.25 லிட்டர் பிடிக்கும். முதல் தடவை ஊற்றுவது கழுவப் போகிற ஆயில்தான், விலை உயர்ந்தது தேவையில்லை. சிந்தெடிக் போட்டால் இன்ஜின் மென்மையாகும் என்று சொல்பவர்கள் உண்டு. இந்த இன்ஜினில் அது பழைய பேக்கிங் வழியாக வெளியே ஒழுகும் வேகம்தான் கூடும்.

ராக்கர் கவர் இரண்டையும் கழற்றி ஒவ்வொன்றிலும் 30 மி.லி. ஆயில் ஊற்றுங்கள். அது புஷ்ராட் பாதை வழியாக இறங்கி டேப்பட்டையும் கேமையும் நனைக்கும். பிறகு பிளக் இல்லாமல், இக்னிஷன் அணைத்து, இப்போதுதான் முதல் முறையாகக் கிக்கர். ராக்கருக்குப் போகும் ஆயில் பைப்பின் பேஞ்சோ போல்ட்டை (ஆயில் போக உள்ளே ஓட்டை உள்ள போல்ட்) அரைச் சுற்று இளக்கிவிட்டு மெதுவாக மிதித்துக்கொண்டே இருங்கள். அங்கே ஆயில் கசிந்தால் பம்ப் தூக்குகிறது. முப்பது, நாற்பது மிதி ஆகலாம். நூறு தாண்டியும் வரவில்லை என்றால் பம்ப்பைத் திறந்து பார்க்க வேண்டும். "ஸ்டார்ட் பண்ணா வந்துரும்" என்பது ஃப்ளோட்டிங் புஷ்ஷைப் பலி கொடுக்கும் யோசனை.

வால்வு, டேப்பட், டீகம்ப்ரஸர்

டைமிங் பக்கம் ஒரே நட்டில் நிற்கும் டேப்பட் கதவைத் திறந்தால் இரண்டு புஷ்ராடும் தெரியும். சக்கரத்தைச் சுற்றும்போது இரண்டும் ஏறி இறங்க வேண்டும். ஏறியது இறங்கும் நேரத்தில் லொடலொடவென்று தளர்ந்து நின்றால் அந்த வால்வு மேலே திரும்பவில்லை, கைடில் பிடித்திருக்கிறது. வால்வு ஸ்டெம்மில் ஊடுருவும் ஆயில் விட்டு, ராக்கர் முனையில் மரக்கட்டை வைத்துச் சன்னமாகத் தட்டினால் பெரும்பாலும் விடும்.

அட்ஜஸ்ட்மென்ட் இன்ஜின் ஆறியிருக்கும்போது மட்டும். கம்ப்ரஷன் உச்சியில், இரண்டு வால்வும் மூடியிருக்கும் நிலையில், புஷ்ராட் இரண்டு விரலால் சுற்றினால் தாராளமாகச் சுற்ற வேண்டும். மேலும் கீழும் ஆட்டம் இருக்கக் கூடாது. ஃபீலர் கேஜ் தேவையில்லை, இடைவெளி பூஜ்யம். சூடானதும் சிலிண்டரும் ஹெட்டும் விரிந்து உயரும், வேண்டிய இடைவெளி தானாகத் திறந்துகொள்ளும். சத்தம் வராமல் இருக்க எக்ஸாஸ்ட்டை இறுக்கிவைப்பது கெட்ட பழக்கம். வால்வு முழுதாக உட்காராமல் விளிம்பு கருகிப்போகும்.

உதைக்க எளிதாகக் கம்ப்ரஷனை வெளியே விடும் டீகம்ப்ரஸரை யாரும் பார்ப்பதில்லை. நின்ற வண்டியில் அந்தச் சின்ன வால்வு துருவில் ஒரு மயிரிழை திறந்தே இருக்கும். கம்ப்ரஷன் இல்லை என்று ஹெட் வரை கழற்றியும் காரணம் கிடைக்காமல் போவது இதனால்தான். கேபிளில் இரண்டு மி.மீ. தளர்வு இருக்கிறதா பாருங்கள். அதைச் சுற்றி ஆயில் விட்டு, பிளக்கை மாட்டி, கிக்கரை அழுத்திப் பிடித்தால் குமிழி வருகிறதா என்று தெரியும்.

கம்ப்ரஷன் அளக்க கேஜ் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. கிக்கரில் மெதுவாக எடையை ஏற்றுங்கள். சில விநாடி தாங்கி நின்று, பிறகு மெல்ல இறங்கினால் போதும். நேராக இறங்கிப்போனால் பிளக் ஓட்டையில் 10 மி.லி. ஆயில் விட்டுத் திரும்பப் பாருங்கள். இப்போது தாங்கினால் குறை ரிங்கில். அப்போதும் தாங்காவிட்டால் வால்வில் அல்லது டீகம்ப்ரஸரில். ரிங் பக்கம் கொஞ்சம் பலவீனம் என்றால் அவசரப்பட வேண்டாம். பள்ளத்தில் ஒட்டிக்கொண்ட ரிங் இருநூறு கிலோமீட்டர் ஓட்டத்தில் விடுபடுவது சகஜம்.

ஸ்பார்க்

பேட்டரி காயில் இக்னிஷன் என்பதால் நல்ல பேட்டரி இல்லாமல் ஆரம்பிக்கவே வேண்டாம். பழைய வண்டி 6 வோல்ட்டா 12 வோல்ட்டா என்று பார்த்து வாங்குங்கள். வழியில் யாராவது மாற்றியிருக்கவும் கூடும், காயில் மேல் எழுதியிருப்பதையும் பாருங்கள்.

ஆம்ப் மீட்டர் இந்த வண்டியில் அலங்காரத்துக்கு இல்லை. சாவியைப் போட்டு, பின்சக்கரத்தால் இன்ஜினை மெதுவாகச் சுற்றுங்கள். பாயின்ட் மூடியிருக்கும்போது முள் மைனஸ் பக்கம் சாயும், திறந்ததும் நடுவுக்கு வரும். எப்போதும் நடுவிலேயே நின்றால் பாயின்ட் முகத்தில் ஆக்சைடு படிந்து மின்சாரம் போகவில்லை, அல்லது ஒயர் அறுந்திருக்கிறது. எப்போதும் மைனஸிலேயே நின்றால் பாயின்ட் திறக்கவே இல்லை, இல்லையென்றால் இன்சுலேட்டிங் வாஷர் மாறிப்போயோ கண்டன்சர் ஷார்ட் ஆகியோ நேராக எர்த் ஆகிறது. கையில் மீட்டர் எதுவும் இல்லாமல் பாதி எலக்ட்ரிகல் வேலை இதிலேயே முடியும். சாவியைப் போட்டபடி பேச்சுக் கொடுத்துக்கொண்டு நிற்க வேண்டாம். பாயின்ட் மூடிய நிலையில் நின்றிருந்தால் காயில் சூடேறிக் கெடும்.

பாயின்ட்டை நுண்ணிய எமரியில் ஒரு இழுப்பு, பிறகு தின்னர் தொட்ட வெள்ளைத் தாளை இடையில் வைத்து இழுத்து எடுங்கள். தாளில் கறுப்பு வருவது நிற்கும்வரை. இதைச் செய்யாமல் விட்டால் எமரித் துகள் இடையிலேயே நின்று மறுபடி மிஸ்ஸிங். அதிகபட்சம் திறந்த நிலையில் இடைவெளி 0.35 முதல் 0.40 மி.மீ. கேமில் துளி கிரீஸ், துளி மட்டும். பழைய கண்டன்சரைச் சோதித்துக்கொண்டிருக்காமல் மாற்றிவிடுங்கள். கெட்ட கண்டன்சரின் அடையாளம், பாயின்ட்டில் பெரிய பொறி பறக்கும், பிளக்கில் நோஞ்சான் பொறி வரும். வண்டி குளிரில் நன்றாக ஓடி, சூடானதும் வெடித்து நிற்கும்.

பாயின்ட் தட்டுக்கு அடியில் இருக்கும், வேகத்துக்கு ஏற்ப ஸ்பார்க்கை முந்தவைக்கும் ஆட்டோ அட்வான்ஸ் எடைகளைக் கையால் விரித்து விடுங்கள். ஸ்பிரிங் இழுத்து உடனே பழைய இடத்துக்கு வர வேண்டும். கிரீஸ் காய்ந்து விரிந்த நிலையிலேயே நின்றிருந்தால் முதல் உதையிலேயே கிக்கர் திருப்பி அடிக்கும். கணுக்கால் பத்திரம்.

டைமிங்: ஆட்டோ அட்வான்ஸ் விரியாத நிலையில், பிஸ்டன் உச்சிக்கு 0.8 மி.மீ. முன்னால் இருக்கும்போது பாயின்ட் திறக்கத் தொடங்க வேண்டும். சைக்கிள் கம்பியை பிளக் ஓட்டையில் விட்டு அளப்பது வழக்கம். ஆனால் ஓட்டை சாய்வாக இருப்பதால் கம்பி காட்டும் 0.8 உண்மையான 0.8 ஆகாது. கேஜ் அடாப்டர் இல்லாதவர்கள் கம்பியை உச்சியைக் கண்டுபிடிக்க மட்டும் பயன்படுத்தி, அதற்குச் சற்று முன்னால் பாயின்ட் திறக்கும்படி டிஸ்ட்ரிபியூட்டரை வைத்துவிட்டு, ஓடவிட்டுத் திருத்திக்கொள்ளலாம். திறக்கும் கணத்தைக் கண்ணால் பிடிக்க முடியாது. பாயின்ட் டெர்மினலுக்கும் எர்த்துக்கும் நடுவே ஒரு சின்ன இண்டிகேட்டர் பல்ப் போட்டு, சாவியைத் திறந்தால், பாயின்ட் திறந்த நொடியில் பல்ப் எரியும். சிகரெட் பெட்டியின் மெல்லிய தாளை இடையில் வைத்து இழுத்துப் பார்ப்பது பழைய கைகளின் முறை, அதுவும் மோசமில்லை.

பிளக் புதிதாகவே போடுங்கள், இடைவெளி 0.5 முதல் 0.6 மி.மீ. பழைய பிளக் கேப்பையும் சேர்த்து மாற்றினால் ஒரு சந்தேகம் குறையும்.

பெட்ரோல்

டேங்கில் மிச்சமிருப்பது இனி பெட்ரோல் இல்லை. டர்பென்டைனும் வார்னிஷும் கலந்த புளித்த வாடை வரும். அதை மொத்தமாக வடித்து வெளியே எடுங்கள், புதுப் பெட்ரோலில் கலந்து சரிக்கட்ட வேண்டாம். டேங்குக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். அடியில் துருத் தூள் இருந்தால் பெட்ரோல் டேப்பைக் கழற்றி ஓட்டையை அடைத்து, ஒரு கைப்பிடி நட்டுகளைப் போட்டுக் குலுக்கிக் கழுவி, பிறகு வினிகர் நிரப்பி ஒரு நாள் வைக்கலாம். பெயின்ட் மேல் வழியாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வடித்ததும் சமையல் சோடா கரைத்த தண்ணீரில் அலசி, உடனே காயவைத்து, உள்ளே ஆயில் கலந்த பெட்ரோலைச் சுழற்றிவிட வேண்டும். ஈரத்தோடு அரை நாள் விட்டால் இரும்பு மறுபடி சிவந்துவிடும். போட்ட நட்டுகளை எண்ணிப் போட்டு எண்ணி எடுப்பது நல்லது.

இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் காற்றின் ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பரை ஊதவைக்கும். பழைய பெட்ரோல் டியூப், டேப் வாஷர், ஃப்ளோட் பவுல் கேஸ்கெட் மூன்றையும் மாற்றிவிடுங்கள். டேங்க் மூடியின் காற்று ஓட்டையையும் குத்திவிடுங்கள். அது அடைத்திருந்தால் வண்டி இரண்டு கிலோமீட்டர் ஓடி நிற்கும், மூடியைத் திறந்தால் "உஸ்" என்று காற்று இழுக்கும், மறுபடி இரண்டு கிலோமீட்டர் ஓடும்.

கார்புரேட்டரைக் கழற்றும் முன் ஏர் ஸ்குருவை உள்ளே முழுதாக இறுக்கி எத்தனை சுற்று என்று எண்ணி எழுதிவையுங்கள். பவுல் ஸ்குருக்கள் மென்மையான உலோகம். சரியாகப் பொருந்தும் ஸ்டார் ஸ்குரு டிரைவரை வைத்து, தலையில் ஒரு தட்டு தட்டி, பிறகு திருப்புங்கள். உள்ளே பச்சையாகவோ பழுப்பாகவோ படிந்திருப்பது காய்ந்த பெட்ரோல். ரப்பர் பாகங்களையும் ஃப்ளோட் நீடிலையும் எடுத்துவிட்டு, மற்றவற்றை தின்னரில் ஒரு ராத்திரி ஊறப்போடலாம்.

நின்ற வண்டியில் குற்றவாளி பெரும்பாலும் ஐடிலுக்குப் பெட்ரோல் விடும் பைலட் ஜெட். அதன் ஓட்டை ஊசி முனையைவிடச் சிறியது. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் வட்டமாக ஒளி தெரிய வேண்டும், பிறையாகத் தெரிந்தால் இன்னும் அடைப்பு இருக்கிறது. இரும்புக் கம்பி, ஊசி வேண்டாம். கரண்ட் ஒயரில் இருந்து ஒற்றைச் செம்பு இழையை உருவிக் குத்துங்கள், செம்பு பித்தளையைக் கீறாது. ஜெட்டைச் சுத்தம் செய்துவிட்டு, அது உட்காரும் வழியையும் கார்புரேட்டர் வாய்க்குள் திறக்கும் மெல்லிய துளைகளையும் மறந்துவிடுபவர்கள் அதிகம். பஞ்சர் கடைக் காற்றை எல்லாத் துளையிலும் அடித்து, எந்தத் துளையில் அடித்தால் எங்கே வருகிறது என்று விரல் வைத்துப் பாருங்கள்.

திரும்ப மாட்டும்போது ஸ்லைடில் நீடில் கிளிப் நடுப் பள்ளத்தில். ஏர் ஸ்குரு முழுதாக இறுக்கி ஒன்றரைச் சுற்று வெளியே. ஹெட்டோடு சேரும் ஃபிளான்ஜ் வளைந்திருக்கிறதா என்று கண்ணாடித் துண்டின் மேல் வைத்துப் பாருங்கள். யாரோ ஒருகாலத்தில் ஒழுகுகிறதே என்று இறுக்கிய இறுக்கில் வளைந்திருக்கும். கண்ணாடி மேல் எமரி விரித்து எட்டு வடிவில் தேய்த்தால் நேராகும்.

ஏர் ஃபில்டர் பெட்டியில் எலிக் கூடு, சைலன்சர் வாயில் குளவி கட்டிய மண். இரண்டையும் கையை விட்டுப் பார்க்காமல் டார்ச் அடித்துப் பாருங்கள். தேளும் இருக்கலாம்.

முதல் ஸ்டார்ட்

வண்டியை வெளியே, காற்றோட்டமான இடத்தில் நிறுத்துங்கள். பக்கத்தில் ஒரு வாளி மண் இருக்கட்டும். கிளட்ச் தட்டுகள் ஒட்டியிருக்கும், லீவரைப் பிடித்துக்கொண்டு கிக்கரை மிதித்து முதலில் பிரித்துவிடுங்கள். சோக் போட்டு, சாவி இல்லாமல் மூன்று மெதுவான மிதி. பிறகு சாவி. கம்ப்ரஷன் தட்டும் இடத்தில் டீகம்ப்ரஸரை அழுத்தி, பிஸ்டன் உச்சியைக் கொஞ்சம் தாண்டும்வரை கிக்கரை இறக்கி, லீவரை விட்டு, கிக்கரை மேலே கொண்டுவந்து முழு நீளத்துக்கு ஒரே உதை. ஆக்சிலரேட்டரைத் திருக வேண்டாம்.

ஓடத் தொடங்கியதும் முறுக்கிப் பார்க்கிற ஆசையை அடக்குங்கள். ஐடிலுக்குச் சற்று மேலே வைத்து, முதல் அரை நிமிஷத்துக்குள் பேஞ்சோ போல்ட்டை இளக்கி ஆயில் வருகிறதா பாருங்கள், இல்லையென்றால் உடனே அணையுங்கள். நீலப் புகை பத்து நிமிஷம் வரை வரலாம், ஊற்றியது எல்லாம் எரிய வேண்டும். ஆனால் தொடர்ச்சியாக அவ்வளவு நேரம் நின்ற இடத்தில் ஓடவிடக் கூடாது, காற்றில் ஆறும் இன்ஜின். மூன்று நிமிஷம் ஓட்டி, ஆறவிட்டு, மறுபடி மூன்று நிமிஷம்.

சீராக ஓடவைத்தல்

ஸ்டார்ட் ஆவதோடு பலர் நிறுத்திவிடுகிறார்கள். புல்லட்டின் அழகு அந்த நிதானமான ஐடில்தான், அது இதற்குப் பிறகு வருவது. ஐந்து கிலோமீட்டர் ஓட்டி நன்றாகச் சூடாக்கிய பிறகு, சோக் இல்லாமல், ஸ்லைடு ஸ்குருவால் ஐடிலைக் கொஞ்சம் உயர்த்தி, ஏர் ஸ்குருவை உள்ளேயும் வெளியேயும் கால் சுற்று கால் சுற்றாகத் திருப்புங்கள். எங்கே வேகம் அதிகமாகிறதோ அங்கே நிறுத்தி, ஸ்லைடு ஸ்குருவால் ஐடிலை இறக்கி, இன்னொரு முறை செய்யுங்கள். ஏர் ஸ்குருவைத் திருப்பியும் எந்த மாற்றமும் தெரியவில்லை என்றால் பைலட் வழி இன்னும் அடைப்பு. கார்புரேட்டர் திரும்ப வெளியே வர வேண்டியதுதான், குறுக்கு வழி இல்லை.

ஐடில் ஏறி இறங்கி அலைந்தால் காற்று கசிகிறது. ஃபிளான்ஜைச் சுற்றிக் கார்ப் கிளீனரை ஒரு சொட்டு அடியுங்கள், இன்ஜின் குரல் மாறினால் அங்கேதான். ஆக்சிலரேட்டரை மூடி இறங்கும்போது சைலன்சரில் பட்பட்டென்று வெடித்தால் எக்ஸாஸ்ட் பைப் ஹெட்டில் சேரும் இடத்தை முதலில் பாருங்கள், பிறகு ஏர் ஸ்குரு. கார்புரேட்டர் வழியாகத் திரும்பத் தும்மினால் டைமிங் பின்தங்கியிருக்கிறது, அல்லது இன்லெட் டேப்பட் இறுக்கம். மேடு ஏறும்போது உள்ளே சில்லறை குலுங்குவது போலக் கேட்டால் டைமிங் முந்தியிருக்கிறது, டிஸ்ட்ரிபியூட்டரை நூல் அளவு திருப்பினால் போதும்.

பிளக்கைப் பார்ப்பதற்கு ஒரு முறை உண்டு. நாற்பது, ஐம்பது வேகத்தில் சில கிலோமீட்டர் ஓட்டி, கிளட்சைப் பிடித்து அப்படியே சாவியை அணைத்து ஓரங்கட்டி நிறுத்திக் கழற்ற வேண்டும். வீடு வரை ஐடிலில் வந்து கழற்றினால் எந்தப் பிளக்கும் கறுப்பாகத்தான் இருக்கும். பிஸ்கட் நிறம் சரி. வெளுத்திருந்தால் நீடிலை ஒரு பள்ளம் உயர்த்த வேண்டும், அதாவது கிளிப் ஒரு பள்ளம் கீழே. கரி படிந்திருந்தால் எதிர்ப்பக்கம். ஆயில் ஈரத்தோடு கறுப்பு என்றால் அது கார்புரேட்டர் விஷயம் இல்லை.

எல்லா மூட்டிலும் ஆயில் வியர்க்கிறது என்று பேக்கிங் மாற்றக் கிளம்பும் முன் ப்ரீத்தர் ரப்பரைப் பாருங்கள். வாத்து அலகு மாதிரி இரண்டு உதடு ஒட்டியிருக்கும் அந்தச் சின்ன ரப்பர், காற்றை வெளியே மட்டும் விட வேண்டியது. கெட்டிப்பட்டுத் திறந்தபடி நின்றாலோ ஒட்டிப்போனாலோ கிராங்க் கேஸுக்குள் அழுத்தம் கூடி, ஆயில் கிடைத்த இடுக்கில் எல்லாம் வெளியேறும். அற்ப விலைச் சாமான், அதை மாற்றினாலே பாதி ஒழுகல் நின்றுவிடும்.

ஐம்பது கிலோமீட்டரில் முதல் ஆயிலை வடித்து ஃபில்டரைத் திறந்து பாருங்கள். தேவைப்பட்டால் ஃபில்டரும் புதிது. ஹெட் நட்டுகளை இன்ஜின் முழுதாக ஆறிய பிறகு குறுக்கு மறுக்காக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கி, அதன் பிறகு டேப்பட்டைத் திரும்பப் பார்க்க வேண்டும். ஹெட் இறங்கினால் புஷ்ராட் இறுகும். முன்னூறில் இன்னொரு முறை ஆயில், பாயின்ட் இடைவெளி. புதுப் பாயின்ட்டின் ஃபைபர் குதிகால் ஆரம்பத்தில் வேகமாகத் தேயும், இடைவெளி குறையும், டைமிங்கும் சேர்ந்து நகரும். முதல் ஆயிரம் கிலோமீட்டருக்குள் "நேத்து வரைக்கும் நல்லா ஓடிச்சு" என்று வருகிற வண்டிகளில் பெரும்பாலும் அதுதான்.

மறுபடி இரண்டு மாதத்துக்கு மேல் நிற்கப் போகிறது என்றால் டேப்பை மூடி ஃப்ளோட் பவுல் காயும்வரை ஓடவிடுங்கள், பெட்ரோல் டேங்கை வாய்வரை நிரப்புங்கள், பேட்டரியைக் கழற்றுங்கள், பிஸ்டனைக் கம்ப்ரஷன் உச்சியில் நிறுத்துங்கள். இரண்டு வால்வும் மூடியிருக்கும், ஈரக் காற்று உள்ளே போகாது. திரும்ப எடுக்கும் அன்று டிப்ஸ்டிக்கை நம்பாமல் கிராங்க் அறை டிரெயின் போல்ட்டை முதலில் திறந்து, இறங்கியிருக்கும் ஆயிலை வடித்துவிட்டு, ஆயில் டேங்க் அளவைச் சரிபார்த்த பிறகே கிக்கர்.